நல்ல தண்ணீர்க் குடம்

எங்கள் தெருவில் முதன்முதலாக வீட்டுக்குள் குழாய் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். எழுபதுகளின் நடுவில் பஞ்சாயத்துக்காரர்கள் ஆழமாக ஒரு போர் போட்டு, மேலே தொட்டி கட்டி, தெருமுனையில் ஒரு குழாயை நட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் தாம்பரம் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தார். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற இடம். பைப்பு, வால்வு, நட்டு, போல்ட்டு என்றால் அவருக்குக் கை தானாகப் போகும். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவைத் தோண்டி, தானே பைப்பு இழுத்து, எங்கள் தோட்டத்தில் ஒரு பித்தளைக் குழாயை மாட்டினார். திருகியதும் தண்ணீர் கொட்டியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். நானே கிணறு வெட்டியதுபோல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெருமைக்கு ஆயுசு கம்மி. குழாய்த் தண்ணீரில் போட்ட துவரம்பருப்பு வேகவே இல்லை. விறகைத் தள்ளித் தள்ளி என் கண்தான் வெந்தது. உப்புத் தண்ணீர் என்றும் அதைச் சொல்ல முடியாது. நாக்கில் ஒரு கனம், தொண்டையில் ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். வாயில் வைத்ததும் துப்புகிற மாதிரி இருந்திருந்தால் அன்றைக்கே ஒதுக்கியிருப்போம். இது நல்ல தண்ணீர்போல வேஷம் கட்டிய தண்ணீர். டீ போட்டால் மேலே மெல்லிய ஆடை மிதக்கும். துணிக்குச் சோப்புப் போட்டால் நுரை வருவதற்குப் பதில் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக வரும். தலைக்கு ஊற்றிக்கொண்டால் சீப்பு இறங்காது. வெந்நீர் காய்ச்சும் அலுமினியக் குண்டானின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியது. புளி போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் விடும், அடுத்த வாரம் மறுபடி கட்டும்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. ஒருத்தி பருப்பில் ஆப்ப சோடா போடச் சொன்னாள். போட்டேன். பருப்பு கூழாகி, சாம்பாரில் சோப்பு வாசனை அடித்தது. இன்னொருத்தி தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்பக்கம் தேய்க்கச் சொன்னாள். அது கலங்கல் தண்ணீருக்கு ஆகும், கலங்காத தண்ணீரில் அது எதைத் தெளிய வைக்கும்? என் வீட்டுக்காரர் மூன்று பானையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மணலும் கரியும் ஜல்லியும் போட்டு ஒரு வடிகட்டி செய்தார். அதில் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பருப்பு மட்டும் வேகவில்லை. 'ஃபவுண்டரில மண்ணுல கெடந்து கெடந்து வூட்லயும் மண்ணக் கொட்றாரு' என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். அப்போதெல்லாம் எங்களால் இதைப் பற்றிச் சிரிக்க முடிந்தது.

ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். குழாய் வருவதற்கு முன்னால் ஊர் முழுக்கக் குடித்தது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு வயல் கிணற்றுத் தண்ணீரை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் தண்ணீர் இரண்டு வகை. ஒன்று நல்ல தண்ணீர், மற்றது புழங்குகிற தண்ணீர். நல்ல தண்ணீர்க் குடம் அடுப்படியில் மணைமேல் மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். அதில் கையை விட்டால் அடி விழும். குடிக்க, பருப்பு வேகவைக்க, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க மட்டும்தான் அது. குழாய் வந்த பிறகு பெண்கள் ஒவ்வொருத்தராகக் கிணற்றுக்குப் போவதை விட்டார்கள். யாருக்குத்தான் அவ்வளவு தூரம் நடக்க ஆசை? நானும் பருப்புக்கு மட்டும் எப்போதாவது ஒரு குடம் கொண்டுவந்தேன். குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீரே பழகிப்போயிற்று.

அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து, பஸ் நிறுத்தத்திலிருந்து வந்தவர் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு அப்படியே சுருண்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து முன்பக்கம் வரைக்கும் வலி. உலைக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவர், கையில் தீக்காயம் பட்டாலே வாயைத் திறக்காதவர், தரையில் உருண்டார். பக்கத்து வீட்டில்தான் அவருடைய அக்கா, என் நாத்தனார், இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அவரை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகத்தில் கல் என்றார்கள். ஊசி போட்டு, 'நிறைய தண்ணி குடிங்க, அதுவா வெளியே வந்துடும்' என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னபடியே இரண்டு மூன்று நாளில் வந்துவிட்டது. அவர் அதைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துவந்து எங்களிடம் காட்டினார். மிளகைவிடச் சின்னதாக, அழுக்கு வெள்ளையாக இருந்தது.

நாத்தனார் அடுப்படிக்குள் போனாள். குண்டானின் அடியிலிருந்து சுண்ணாம்பை நகத்தால் பெயர்த்து எடுத்துவந்து அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே சொரசொரப்பு.

"பாத்திரத்துலயே இப்டிக் கட்டுதே, ஒடம்புல கட்டாதா?" என்றாள்.

கண்ணுக்கு எதிரே இருக்கிறது. தெருவே வந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றது. பள்ளிக்கூட வாத்தியார்கூட மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். 'நிறைய தண்ணி குடிங்க' என்று டாக்டர் சொன்னது எங்கள் காதில் 'நல்ல தண்ணி குடிங்க' என்றே தங்கிவிட்டது. எவ்வளவு என்பதை யாரும் யோசிக்கவில்லை. எந்தத் தண்ணீர் என்பதையே பிடித்துக்கொண்டோம். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் எப்போதும் அந்தக் கேள்விதானே.

அன்று நான் சபதம் செய்தேன். இனி குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு அவர் வாயில் படாது. என் குணம் அப்படி. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் கிணற்றுக்கு நடந்தேன். ஏரிக்கரைமேல் ஏறி, நீளமாக நடந்து, மதகுப் பக்கம் இறங்கி, வரப்பில் போக வேண்டும். வரும்போது இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு தூக்கு. கிணற்றுக்காரர் எங்களுக்கு எட்டின பங்காளிதான். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் பெண்சாதிதான் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவாள். "ஊரே கொழாத் தண்ணி குடிச்சிகினு கீது, இவங்க வூட்டுக்கு மட்டும் கெணத்துத் தண்ணி வோணுமாம். அதுவும் வூட்டுக்குள்ளயே கொழா வெச்சிகினு" என்று மாட்டிடம் சொல்வதுபோல என்னிடம் சொல்வாள். பதிலுக்கு என் நாக்கு துடிக்கும். கிணறு அவளுடையது, தேவை என்னுடையது. வாயை மூடிக்கொண்டு மொண்டுகொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரரே சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு போய்வருவார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. கரைமேல் களிமண் வழுக்கும். ஒரு மாலை, குடத்தோடு கரையிலிருந்து இறங்கும்போது கால் சறுக்கி விழுந்தேன். குடம் நசுங்கிற்று. என் இடது மணிக்கட்டு பிசகி வீங்கிவிட்டது. சேறு பூசிய புடவையோடு நசுங்கிய குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். "வுடு மே, இனிமே போவாத" என்றார். "போவாம? மறுபடியும் நீங்க தரையில உருண்டா நானா பாத்துகினு குந்தறது?" என்று கத்தினேன். கையில் எண்ணெய்க் கட்டு போட்டுக்கொண்டு, இரண்டு நாள் நாத்தனாரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் வலது இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன். அவர் வாசலில் நின்று நான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எங்கள் குடத்தில் தண்ணீர் அதிக நேரம் நின்றது. இதை நான் கவனித்தேன். கவனித்துச் சந்தோஷப்பட்டேன். காலையில் நிரப்பியது மாலையிலும் கழுத்தளவு இருக்கும். எங்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிற வயது. அவளிடம், தண்ணீரை வீணாக்காமல் இருக்க உன் அப்பாவிடம் கற்றுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவர் தம்ளரை மகள் பக்கம் நகர்த்துவார். 'நீ குடி கண்ணு' என்பார். 'உங்களுக்கு?' என்று கேட்டால், "கம்பெனில குடிச்சிட்டேன்" என்பார். வேலைக்குப் போகும்போது டிபனோடு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்புவேன். இன்னொரு பாட்டில் வைக்கட்டுமா என்றால், "பஸ்ல எடம் இல்ல, தூக்கினு போவ முடியாது" என்பார். வைக்கிற சோற்றைத் தின்னாமல் ஒருவர் எழுந்தால் நமக்குத் தெரியும். குடிக்காத தண்ணீர் யார் கண்ணுக்குத் தெரிகிறது?

அடுத்த கோடையில் மறுபடி வலி வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. இந்த முறை இரண்டு பக்கமும் கல் என்றார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு நல்ல தண்ணீர் கொண்டுவருகிறேன், எங்கிருந்து புகுந்தது இந்தக் கல்? எங்கேயோ குழாய்த் தண்ணீர் உள்ளே போகிறது என்றுதான் என் புத்தி போயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினேன். டீக்கடையில் டீ குடிக்காதீர்கள் என்றேன். கம்பெனியிலும் போர் தண்ணீர்தான் என்று ஒரு நாள் அவரே வாய்தவறிச் சொன்னார். அப்படியானால் அங்கேயும் தொடக்கூடாது என்று மகள் தலைமேல் சத்தியம் வாங்கினேன். சோறு வடிக்கவும், கஞ்சி வைக்கவும், ரசத்துக்கும்கூட நல்ல தண்ணீர்தான் என்று ஆக்கினேன். அதனால் கிணற்றுக்கு நடை கூடியது. காலையில் போய்வந்து, சமைத்துவிட்டு, வெயிலில் மறுபடி போனேன். நான் எத்தனை முறை போகிறேன் என்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நடை கூடக்கூட அவர் குடிப்பது குறைந்தது. இது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவர் வாயைத் திறக்கவில்லை.

எண்பதுகள் பிறந்த சமயத்தில் அவருக்குக் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. முகம் காலையில் உப்பியிருக்கும். சோற்றைப் பார்த்தாலே குமட்டல். உலைச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கம்பெனியில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஒரு நாள் அங்கேயே மயங்கி விழுந்தார். அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேரும்போது ரத்தம் எடுத்து, படம் எடுத்து, எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் நடுத்தர வயதுப் பெண். நிதானமாகப் பேசினார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று அவரிடம் கேட்டார்.

அவர் சுவரைப் பார்த்தார்.

நான் முந்திக்கொண்டேன். "நல்ல தண்ணிதாம்மா குடுக்கறேன். கொழாத் தண்ணி கண்ணுல காட்றதில்ல. ஏரிக்கு அந்தாண்ட போயி நானே தூக்கினு வரேன்" என்றேன். அந்த டாக்டர் என்னைப் பாராட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"எவ்வளவு குடிப்பாரும்மா?"

பின்னால் நின்ற தம்பிதான் பதில் சொன்னார். "அண்ணன் தண்ணியே குடிக்க மாட்டாரும்மா. உலையாண்ட நின்னா நாங்கெல்லாம் குடம் குடமா குடிப்போம். இவரு அந்தச் சின்னப் பாட்டிலத்தான் நாள் பூரா வெச்சிகினு இருப்பாரு. அதுலயும் பாதி திருப்பி எடுத்துனு பூடுவாரு. கேட்டா, வூட்டுத் தண்ணி, வேஸ்ட் பண்ணக் கூடாதும்பாரு."

பாதி பாட்டில். அது சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் என்ன செய்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரியாமல் குடத்தில் ஊற்றியிருக்கிறார். குடம் ஏன் கழுத்தளவு நின்றது என்பதும் புரிந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உலைச் சூட்டுல வேலை செய்யறவர் தண்ணி குடிக்கலன்னா கல்லு வரத்தாம்மா செய்யும்" என்றார்.

"கொழாத் தண்ணில சுண்ணாம்பு கீதும்மா" என்றேன்.

"இருக்கட்டுமே. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிச்சா இவ்வளவு கெடுதல் வந்திருக்காது. அந்தத் தண்ணியவே நிறைய குடிச்சிருந்தா இந்த நிலைமைக்கு வந்திருக்க மாட்டார்."

எந்தத் தண்ணீரும் ஆகும் என்று அவர் இன்னொரு முறையும் சொன்னார். நான் கேட்காமல் இருந்துவிடுவேனோ என்று நினைத்திருப்பார். கேட்டது. தெளிவாகவே கேட்டது.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று மரியாதையெல்லாம் பறந்தது.

"நீ இன்னா மனுசன்யா? நாய் மாதிரி நடந்து நடந்து கொண்டாந்து வெச்சேனே, அதக் குடிக்க உனுக்கு இன்னா கேடு?"

அவர் முனகுகிற குரலில் சொன்னார்: "நீ கரமேல வர்றது வாசல்லேந்து தெரியும் மே. அதப் பாத்துட்டு எனுக்குத் தொண்டையில எறங்கல."

அந்தத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பிரியத்தில்தான் செய்தார், எனக்குத் தெரியும். ஊரில் எத்தனையோ புருஷன்மார்கள் பெண்சாதி கிணற்றிலேயே விழுந்தாலும் திரும்பிப் பார்க்காதவர்கள். எனக்கு வாய்த்தவர் நல்லவர். ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பிரியத்தை நான் இன்று வரைக்கும் மன்னிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், வம்பு செய்து குடிக்கவைத்திருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும். சத்தம் போடாமல் தாகத்தோடு இருக்கிற ஒருவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அத்தோடு முடியவில்லை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன, உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது, இனிமேல் குடிப்பதை அளந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர். மாத்திரை விழுங்குவதும் அதிலேதான். இத்தனை வருஷம் குடிக்காமல் இருந்தவருக்கு, குடிக்கச் சொல்லி நான் மன்றாடத் தயாராக இருந்த நேரத்தில், குடிக்கக்கூடாது என்று ஆயிற்று. மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வைத்தியம் பட்டணத்தில் எங்கோ இருப்பதாகச் சொன்னார்கள். அது எங்களுக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை.

அப்போதுதான் அவருக்கு உண்மையான தாகம் வந்தது. நாக்கு வறண்டு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். உடம்பெல்லாம் அரிப்பு. உதட்டில் ஈரத்துணியை வைப்பேன், அதை உறிஞ்சப் பார்ப்பார். துணியைப் பிடுங்குவேன். பச்சைக் குழந்தையிடம் பால் பிடுங்குகிற மாதிரி இருக்கும். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். கிருத்திகைக்கு நடந்தே போய்வந்தேன். வழியில் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் வாங்கிக் குடிக்க முடியவில்லை.

கிணற்றுக்குப் போவதை விட்டேன். யாருக்காகப் போக வேண்டும்? மணைமேல் இருந்த குடத்தை எடுத்துக் கவிழ்த்துவைத்தேன். நானும் மகளும் குழாய்த் தண்ணீர் குடித்தோம். ஊரெல்லாம் குடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாத்தனார் சில நாள் வந்து அவர் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தச் சுண்ணாம்பை எடுத்துக் காட்டியது நான்தானே என்று மூக்கைச் சிந்துவாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னாள்.

ஒரு பகல் வேளையில் நான் தோட்டத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார். ஓடிப்போனேன்.

"அந்தக் கொழாய மூடு மே. சத்தம் கேட்டா நாக்கு இஸ்துகினு போவுது."

அதற்குப் பிறகு நான் அந்தக் குழாயைத் திறக்கவே இல்லை. வீட்டுக்குள் குழாய் இருக்க, தெருமுனைக்குப் போய் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம், குழாய் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன்.

பங்குனி கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க முடியாமல் தலையணையில் சாய்ந்தே இருந்தார். மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே டாக்டர் பார்த்தார். இந்த முறை பேனாவை எடுக்கவே இல்லை. என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அவர் ஆசைப்பட்டதக் குடுங்க" என்றார்.

இந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. 'தண்ணியுமா?' என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

அவரை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தோம். வீட்டில் கட்டிலில் சாய்த்துவிட்டு, விசிறிக்கொண்டே, "இன்னா வோணும், சொல்லுங்க" என்றேன். டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணி" என்றார்.

நான் எழுந்து, கவிழ்த்துவைத்திருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தேன். வெயில் உச்சியில் இருந்தது. கரையில் ஓடினால் எவ்வளவு நேரத்தில் திரும்பலாம் என்று மனசு கணக்குப் போட்டது. கடைசியாகக் குடிப்பதாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு நடந்த பிறகும் என் புத்தி அங்கேதான் போனது.

"எங்க போற?"

"கெணத்தாண்ட. தோ வந்துடறேன்."

"அவ்ளோ தூரம் போவாத. கொழாத் தண்ணியே குடு."

தோட்டத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். ரொம்ப நாளாகத் திறக்காமல் இருந்ததில் வாயெல்லாம் வெள்ளையாகக் கட்டி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. சொம்பு நிறையப் பிடித்துக்கொண்டு வந்தேன். தலையைத் தாங்கிப் பிடித்தேன். அவர் சொம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கிக் குடித்தார். கழுத்திலும் மார்பிலும் வழிந்தது. நான் துடைக்கவில்லை. சொம்பில் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

"நல்லாத்தான் மே கீது" என்றார். "இன்னொரு சொம்பு குடு."

நான் சொம்பை வாங்கிக்கொண்டு மறுபடியும் தோட்டத்துக்குப் போனேன்.